துரு நோயும் தாங்கி நின்ற பைனஸ் மரமும்



அண்மையில் ஒரு தோட்டத்தில் பிள்ளை பராமரிப்பு நிலையத்துப் பெற்றோர் கூட்டம் முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். அப்போது வயதான பெரியவர் ஒருவர் கேட்டார்: "சேர், இந்த மலையெல்லாம் முந்தி கோப்பி மலையா இருந்திச்சாம். எங்க தாத்தா சொல்லுவாரு. அவ்வளவு கோப்பியும் எப்புடி சேர் இல்லாமப் போச்சு?"

நான் பதில் சொல்வதற்குள் அவருடைய பேரன் குறுக்கே வந்தான். "தாத்தா, கோப்பிக்கு நோவு வந்திச்சு. எங்க டீச்சர் சொன்னாங்க. சேர், அந்தா மேல நிக்கிற பைனஸ் மரத்துக்கும் அப்புடி நோவு வருமா?"

தாத்தா கேட்டதும் பேரன் கேட்டதும் ஒரே நோய்க் குடும்பத்தைப் பற்றியவை. கோப்பியை அழித்ததும் துரு நோய்தான். அமெரிக்காவில் கோடிக்கணக்கான பைனஸ் மரங்களைக் கொன்றதும் துரு நோய்தான். ஆனால் அந்தப் பைனஸ் காடுகளில் சில மரங்கள் மட்டும் சாகவில்லை. சுற்றி நின்றதெல்லாம் காய்ந்து விழ, அவை பச்சையாக நின்றன. ஏன் நின்றன? அந்த மரங்களிலிருந்து மனிதர்கள் என்ன கற்றார்கள்? தேயிலையை நம்பி வாழும் நமக்கு அதில் என்ன பாடம்? இந்த இதழில் அதைப் பார்ப்போம்.

துரு என்பது என்ன?

மழையில் கிடந்த இரும்புக் கத்தியில் செம்மஞ்சள் நிறத்தில் துரு பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். விரலால் தடவினால் பொடி ஒட்டும். சில செடிகளின் இலையிலும் அப்படியே ஒரு பொடி தோன்றும். வீட்டுத் தோட்டத்தில் போஞ்சி போட்டவர்களுக்கு இது தெரியும். இலையில் சிறு சிறு செம்பழுப்புப் புள்ளிகள் வரும். தொட்டால் கையில் பொடி ஒட்டும். நிறத்தைப் பார்த்துத்தான் இதற்கும் துரு என்று பெயர் வைத்தார்கள். இரும்புத் துருவுக்கும் இதற்கும் வேறு சம்பந்தமில்லை.

இது ஒரு பங்கசு. பூஞ்சணம் என்றும் சொல்வோம். அந்தப் பொடிதான் அதன் வித்திகள். வித்தி என்பது பங்கசின் விதை போன்றது. கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாத அளவு சிறியது. காற்றில் பறக்கும். ஈரமான இலையில் விழுந்தால் முளைத்து உள்ளே போகும்.

துருப் பங்கசிடம் ஒரு முக்கியமான குணம் உண்டு. அது உயிருள்ள செடியின் கலங்களிலிருந்து மட்டுமே சாப்பாடு எடுக்கும். செத்த இலையிலோ உக்கிய மரத்திலோ அதனால் வளர முடியாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மரம் எப்படித் தப்புகிறது என்பதை விளங்கிக்கொள்ள இந்தக் குணம் பிறகு தேவைப்படும்.

கோப்பிக்கு வந்த கதி

1869ஆம் ஆண்டு மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலைகளின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் பொடி காணப்பட்டது. முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கோப்பிக்கு நல்ல விலை இருந்த காலம். காட்டை வெட்டி வெட்டி மேலும் மேலும் கோப்பி வைத்தார்கள். 1870களின் இறுதியில் ஏறத்தாழ 275,000 ஏக்கரில் கோப்பி நின்றது. மலைக்கு மலை இடைவெளி இல்லாமல் ஒரே பயிர்.

1880இல் ஹரி மார்ஷல் வார்ட் என்ற இளம் விஞ்ஞானி இங்கே அனுப்பப்பட்டார். இரண்டு வருடம் தங்கி ஆராய்ந்தார். கண்ணாடித் துண்டுகளில் பசை தடவிக் காற்றில் வைத்து, அதில் வந்து ஒட்டிய வித்திகளை நுணுக்குக்காட்டியில் பார்த்தார். நோய் மண்ணிலிருந்து வரவில்லை, காற்றில் பறக்கும் வித்திகளால் இலைக்கு இலை தாவுகிறது என்று காட்டினார். ஆனால் அப்போது காலம் கடந்துவிட்டது. காற்றைத் தடுக்க நடுவே காடும் இல்லை. இலை கொட்டி, காய் குறைந்து, கோப்பி அழிந்தது. தோட்டங்கள் முறிந்தன. வேலை செய்த நம் முன்னோரில் பலர் வேலையிழந்து இந்தியாவுக்கே திரும்பினார்கள். மிஞ்சியவர்கள் கோப்பிக் கட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தேயிலைக்குக் குழி வெட்டினார்கள். 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் சின்ன அளவில் ஆரம்பித்திருந்த தேயிலைதான் பிறகு மலைநாடு முழுவதையும் மூடியது.

தாத்தாவின் கேள்விக்கு இதுதான் பதில். இனிப் பேரனின் கேள்விக்கு வருவோம்.

மலிவு நாற்றால் வந்த வினை

பைனஸில் பல வகை உண்டு. ஊசி இலைகள் கொத்துக் கொத்தாக இருக்கும். ஒரு கொத்தில் இரண்டு ஊசி உள்ள வகை உண்டு. மூன்று உள்ள வகையும் உண்டு. ஐந்து உள்ள வகையும் உண்டு. ஐந்து ஊசி வகைகளை வெள்ளைப் பைனஸ் என்பார்கள். அமெரிக்காவில் இவை பெரும் காடுகளாக நின்றன. கப்பலுக்குப் பாய்மரம், வீட்டுக்குப் பலகை, யன்னல் சட்டம், தீக்குச்சி என்று எல்லாவற்றுக்கும் இந்த மரமே உதவியது.

கிழக்கு அமெரிக்காவில் வெட்டிய காடுகளில் திரும்ப மரம் நட வேண்டிய நிலை வந்தது. அதற்கு நாற்று வேண்டும். இந்த மரம் அமெரிக்காவுக்கே உரியது. ஆனாலும் ஐரோப்பாவில், முக்கியமாக ஜேர்மனியில் இருந்த நாற்றுமேடைகளில் அதன் நாற்றை மலிவாக வாங்க முடிந்தது. தங்கள் சொந்த மரத்தின் நாற்றைக் கடல் கடந்து போய் வாங்கி வந்தார்கள்!

அங்கேதான் பிழை நடந்தது. ஆசியாவிலிருந்து வந்த ஒரு துருப் பங்கசு அதற்கு முன்பே ஐரோப்பாவில் பரவியிருந்தது. கொப்புளத் துரு என்பார்கள். வாங்கிய நாற்றுகளில் சில வெளிக்குப் பச்சையாக இருந்தாலும் உள்ளே நோயைச் சுமந்திருந்தன. 1906இல் நியூயோர்க் மாநிலத்தில் இந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டது. மேற்குக் கரைக்கு வேறொரு வழியில் போனது. 1910இல் பிரான்சிலிருந்து கனடாவின் வன்கூவர் நகருக்கு வந்த நாற்றுகளோடு அது இறங்கியது. 1921இல்தான் அங்கே கண்டார்கள். பதினோரு வருடம் யாருக்கும் தெரியாமல் பரவியிருக்கிறது.

1912இல் அமெரிக்கா செடிகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தச் சட்டம் கொண்டுவந்தது. அந்தச் சட்டத்தின்படி போட்ட முதலாவது தடையே இந்தப் பைனஸ் நோய்க்கானது. ஆனால் அதற்குள் வித்திகள் காட்டுக்குள் போய்விட்டன.

இரண்டு வீட்டில் குடியிருக்கும் பங்கசு

கோப்பித் துரு கோப்பி இலையிலிருந்து கோப்பி இலைக்கு நேரே போகும். பைனஸ் துரு அப்படியல்ல. அது வாழ இரண்டு செடிகள் வேண்டும். ஒன்று பைனஸ். மற்றது பெரும்பாலும் ரைபிஸ் என்ற சிறு பழச்செடி. ரிபீனா என்ற பானத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது செய்யும் கறுப்புப் பழம் இந்த ரைபிஸ் இனத்தைச் சேர்ந்ததுதான்.

வசந்த காலத்தில் நோயுற்ற பைனஸ் மரத்தின் பட்டையில் செம்மஞ்சள் கொப்புளங்கள் வெடிக்கும். அதிலிருந்து வரும் வித்திகள் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் பறக்க வல்லவை. ஆனால் அவற்றால் இன்னொரு பைனஸைத் தாக்க முடியாது. பெரும்பாலும் ரைபிஸ் இலையில் விழுந்தால்தான் முளைத்து வளரும். கோடை முழுதும் ரைபிஸ் இலையின் அடியில் வளர்ந்து பெருகும். கோடை முடிந்து குளிரும் ஈரமும் சேரும்போது அங்கே வேறொரு வகை வித்தி உண்டாகும். அதுதான் பைனஸைத் தாக்குவது. அது மென்மையானது. வெயில் பட்டால் செத்துவிடும். பெரும்பாலும் சில நூறு மீற்றருக்குள்ளேயே விழும்.

அது ஈரமான ஊசி இலையில் விழுந்து, இலைவாய் வழியாக உள்ளே நுழைகிறது. இலைவாய் என்பது செடி காற்றை வாங்கி விடும் நுண்ணிய துளை. ஊசியில் மஞ்சள் புள்ளி வரும். பங்கசு மெல்ல ஊசியிலிருந்து குச்சிக்கும், குச்சியிலிருந்து கிளைக்கும், கிளையிலிருந்து நடுமரத்துக்கும் போகும். பட்டை வீங்கி வெடித்துப் புண்ணாகும். புண் மரத்தைச் சுற்றி வளைத்துவிட்டால் அதற்கு மேலே சாரம் ஓடாது. மேல்பகுதி காய்ந்துவிடும். இளம் மரமானால் முழு மரமும் சாகும்.

செடி பிடுங்கிய படை

"அப்ப ரைபிஸ் செடியப் புடுங்கிட்டா சரிதானே சேர்?" என்று பெரியவர் கேட்டார்.

அமெரிக்கர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். பல்லாயிரக்கணக்கான வேலையாட்களைக் காட்டுக்குள் அனுப்பினார்கள். 1930களில் வேலையில்லாமல் இருந்த இளைஞர்களை அரசாங்கம் முகாம்களில் சேர்த்து இந்த வேலைக்கும் போட்டது. நம் ஆட்கள் புல்லு வெட்டும்போது நிரை பிடித்துப் போவது போல, அவர்களும் நூல் கட்டி நிரை பிரித்து, மலை ஏறி இறங்கி, செடி செடியாகப் பிடுங்கினார்கள். கடினமான வேலை. பல வருடம், பல கோடி செடிகள்.

பலன்? கிழக்கில் சில இடங்களில் ஓரளவு கிடைத்தது. மேற்கு மலைகளில் கிடைக்கவில்லை. ரைபிஸ் விதை மண்ணுக்குள் பல பத்து வருடம் உறங்கிக் கிடக்கும். மண்ணைக் கிளறினாலோ தீ போனாலோ திரும்ப முளைக்கும். வேர்த்துண்டு மிஞ்சினாலும் துளிர்க்கும். பிறகு மரத்துக்கு மருந்தடித்துப் பார்த்தார்கள். அதுவும் கை கொடுக்கவில்லை. 1960களில் மேற்கில் இந்த முயற்சிகளைக் கைவிட்டார்கள்.

பிடுங்கிய தொழிலாளர்கள் மீது குற்றமில்லை. அவர்கள் உடம்பு நோக உழைத்தார்கள். திட்டம் போட்டவர்கள் நோயின் பலத்தைச் சரியாக அளக்கவில்லை.

சாகாமல் நின்ற மரங்கள்

ஐடஹோ மாநிலத்தில் வெள்ளைப் பைனஸ்தான் மாநில மரம். அங்கே றிச்சர்ட் பிங்கம் என்ற வன ஆராய்ச்சியாளர் வேலை செய்தார். நோய் மிக மோசமாகத் தாக்கிய காடுகளில், செத்த மரங்களுக்கு நடுவே, ஒரு புண்கூட இல்லாமல் நிற்கும் தனி மரங்களைக் கண்டார். ஆயிரக்கணக்கான மரங்களுக்கு ஒன்றுதான் இப்படிக் கிடைத்தது.

அந்த மரத்துக்கு வித்தி போகாமல் இருந்திருக்குமா? இருக்க முடியாது. பக்கத்து மரங்களெல்லாம் நோயால் மூடப்பட்டிருந்தன. அப்படியானால் அதன் உடம்பில் ஏதோ பலம் இருக்க வேண்டும். அந்தப் பலம் பிள்ளைக்கும் போகுமா? இதைத்தான் 1950இல் சோதிக்கத் தொடங்கினார்கள்.

உயரமான மரங்களில் ஏறி, பெண் கூம்புகளுக்குப் பை கட்டி, வேறு மகரந்தம் விழாமல் தடுத்தார்கள். இன்னொரு தாங்கும் மரத்தின் மகரந்தத்தைக் கொண்டுவந்து ஊதினார்கள். கூம்பு முற்ற மறு வருடம் வரை காத்திருந்தார்கள். விதை எடுத்து நாற்றாக்கினார்கள். பிறகு அந்த நாற்றுகளுக்கு வேண்டுமென்றே நோயைக் கொடுத்தார்கள்!

இன்றும் இப்படித்தான் செய்கிறார்கள். ஒரிகன் மாநிலத்தில் டொரீனா என்ற இடத்தில் 1966 முதல் இதற்கென ஒரு நிலையம் நடக்கிறது. நோயுற்ற ரைபிஸ் இலைகளைக் கொண்டுவந்து நாற்றுகளுக்கு மேலே கம்பி வலையில் பரப்புவார்கள். அறை முழுவதும் குளிர்ந்த மூடுபனியை நிரப்புவார்கள். இலையிலிருந்து வித்தி மழை போல் நாற்றின் மேல் விழும். பிறகு பல வருடம் ஒவ்வொரு நாற்றையும் பார்த்துக் குறிப்பெடுப்பார்கள். பெரும்பாலான நாற்றுகள் செத்துப்போகும். மிஞ்சியவைதான் தாயாகும். அவற்றைத் தனித் தோட்டமாக வைத்து விதை எடுக்கிறார்கள்.

மரம் எப்படி எதிர்க்கிறது?

நமக்குக் காய்ச்சல் வந்தால் உடம்பு போராடுகிறது. மரத்துக்கு இரத்தமில்லை. ஆனாலும் அதற்குத் தற்காப்பு வழிகள் உண்டு. வெள்ளைப் பைனஸில் கண்ட சில வழிகளைப் பாருங்கள்.

முதலாவது: பங்கசு ஊசிக்குள் நுழைந்தவுடன், நுழைந்த இடத்தைச் சுற்றியுள்ள கலங்களை மரம் தானே சாகவிடுகிறது. துருப் பங்கசு உயிருள்ள கலத்தில்தான் வாழும் என்று முன்னே சொன்னேன் அல்லவா? சுற்றிலும் எல்லாம் செத்துவிட்டால் அதற்குச் சாப்பாடு இல்லை. பட்டினியால் சாகிறது. காட்டுத்தீ வரும்போது முன்னே ஒரு பட்டைப் புல்லை நாமே எரித்து வைத்தால் தீ அங்கே வந்து நின்றுவிடும் அல்லவா, அதுபோல.

இரண்டாவது: நோய் பிடித்த ஊசியைச் சில மரங்கள் சீக்கிரமே உதிர்த்துவிடும். பங்கசு கிளைக்குப் போகுமுன் ஊசியோடு கீழே விழுந்துவிடும்.

மூன்றாவது: சில மரங்களில் பங்கசு ஊசியைத் தாண்டிக் குச்சி வரை வந்து அங்கே தடைப்பட்டுச் சாகும்.

நான்காவது: சில மரங்களில் பங்கசு பட்டை வரை வந்துவிடும். ஆனால் மரம் புண்ணைச் சுற்றித் தடித்த தக்கைச் சுவர் கட்டி அதை அடைத்துவிடும். அல்லது புண் மிக மெதுவாகத்தான் பரவும். மரத்தில் தழும்பு இருக்கும். மரம் சாகாது.

இந்தக் குணங்கள் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் பரம்பரையலகுகள் மூலம் போகின்றன. முதலாவதாகச் சொன்ன வழி ஒரே ஒரு பரம்பரையலகால் வரலாம். கலிபோர்னியாவில் சீனிப் பைனஸ் என்றொரு மரம் உண்டு. பைனஸ் இனத்திலேயே மிக உயரமாக வளர்வது அதுதான். போஹன் கின்லொக்கும் அவரோடு வேலை செய்தவர்களும் 1970இல் இந்த மரத்தில் அப்படி ஒரு பரம்பரையலகு இருப்பதை அறிவித்தார்கள். தாயிடமோ தகப்பனிடமோ ஒருவரிடமிருந்து கிடைத்தாலே போதும், நாற்று தப்பிவிடும்.

ஒரே பூட்டை நம்பலாமா?

எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். அந்தப் பரம்பரையலகு உள்ள மரங்களை வட கலிபோர்னியாவில் ஹப்பி காம்ப் என்ற ஊருக்குப் பக்கத்தில் நட்டுப் பார்த்தார்கள். சில வருடம் நன்றாக நின்றன. 1970களின் இறுதியில் அந்த மரங்களிலும் கொப்புளம் வந்தது. பங்கசு மாறிவிட்டது. கோடானுகோடி வித்திகளில் ஏதோ சிலவற்றுக்கு அந்தத் தடையைத் தாண்டும் குணம் இருந்தது. மற்ற வித்திகளெல்லாம் செத்துப்போக, அவை மட்டும் பெருகின.

லயத்து வீடு எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரிப் பூட்டுப் போட்டதாக நினைத்துப் பாருங்கள். ஒரு கள்ளனுக்கு ஒரு சாவி கிடைத்தால் போதும், எல்லா வீடும் போய்விடும். அங்கே நடந்தது அதுதான்.

ஆனால் அந்த இடத்திலும் சில மரங்கள் தாக்குப்பிடித்தன. அவை புண் மெதுவாகப் பரவும் மரங்களும் பட்டையில் சுவர் கட்டும் மரங்களும். இந்தக் குணம் ஒரே பரம்பரையலகால் வருவதல்ல. பல சேர்ந்து கொடுப்பது. முழுப் பாதுகாப்பு இல்லை. ஆனால் பங்கசால் அதை இலகுவில் தாண்ட முடியாது. ஆகவே இன்று இரண்டு வகைப் பலத்தையும் ஒரே மரத்தில் சேர்க்கப் பார்க்கிறார்கள். பல தாய் மரங்களின் விதைகளைக் கலந்து நடுகிறார்கள். கீழ்க் கிளைகளைக் கவ்வாத்துச் செய்து நோய் நுழையும் வழியையும் குறைக்கிறார்கள்.

2016இல் சீனிப் பைனஸின் பரம்பரை எழுத்துகள் முழுவதையும் படித்து வெளியிட்டார்கள். அது ஏறத்தாழ 3,100 கோடி எழுத்து, மனிதனுடையதைப் போல் பத்து மடங்கு. இதனால் தாங்கும் நாற்றை அடையாளம் காண்பது இனி விரைவாகலாம். அதற்காகப் போராட்டம் முடிந்துவிடவில்லை. மிக உயர்ந்த மலைகளில் வளரும் வெண்பட்டைப் பைனஸ் இந்த நோயாலும் வேறு காரணங்களாலும் குறைந்துகொண்டே போக, 2022இல் அமெரிக்கா அதைச் சட்டப்படி பாதுகாக்க வேண்டிய இனமாக அறிவித்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆசியாவின் ஐந்து ஊசிப் பைனஸ்களில் பல இந்த நோயை நன்றாகத் தாங்குகின்றன. அவை நீண்ட காலம் இந்தப் பங்கசோடு சேர்ந்தே வாழ்ந்தவை. தாங்காதவை எப்போதோ செத்துவிட்டன. தாங்கியவற்றின் பிள்ளைகள்தான் இன்று நிற்கின்றன. அமெரிக்க மரங்களுக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை.

நம் மலையில் நிற்கும் பைனஸ்

பேரனுக்கு இப்போது பதில் சொல்லலாம். நம் மலைகளில் பெருமளவில் நிற்பது கரிபியன் பைனஸ். 1970களிலும் 80களிலும் அதிகம் நடப்பட்டது. அதன் ஊசிகளை எண்ணிப் பார்த்தால் ஒரு கொத்தில் பெரும்பாலும் மூன்று இருக்கும். கொப்புளத் துரு ஐந்து ஊசி வகைகளைத்தான் தாக்கும். ஆகவே தம்பி பயப்படத் தேவையில்லை.

"நான் எண்ணிப் பாக்குறேன் சேர்" என்று சொல்லிவிட்டு அவன் மேலே ஓடினான். கொஞ்ச நேரத்தில் கை நிறையக் கொத்துகளோடு வந்தான். "மூணுதான் சேர்! ஒண்ணே ஒண்ணுல நாலு இருக்கு!" என்றான். நல்ல ஆராய்ச்சியாளன்! அப்படியும் இடைக்கிடை வரும்.

தேயிலைக்கு இதில் என்ன பாடம்?

தேயிலையில் நம்மைப் பெரிதும் வருத்துவது கொப்புள நோய். மலையில் பிளிஸ்டர் என்று சொல்வோம். 1946இல் இந்த நோய் இலங்கைக்கு வந்தது. இது துரு இனத்தைச் சேர்ந்ததல்ல, வேறு பங்கசு. பெயர் மட்டும்தான் ஒன்றுபோல் இருக்கிறது. இதற்கு இரண்டாவது செடி தேவையில்லை. ஆனால் இதுவும் காற்றில் வரும். இதுவும் ஈரத்தை விரும்பும். இளங்கொழுந்தைத்தான் பிடிக்கும். ஆகவே மழை மூட்டமான நாட்களில்தான் தொல்லை அதிகம்.

பழைய விதைத் தேயிலை மலையைப் பாருங்கள். ஒரு செடி போல் மற்றது இருக்காது. ஒன்று பெரிய இலை, ஒன்று சின்ன இலை. வீ.பி. தேயிலை அப்படியல்ல. ஒரு தாய்ச் செடியின் துண்டுகளிலிருந்து வந்தவை எல்லாம் ஒரே உடம்பு. கொழுந்து கூடுதலாகத் தரும். அதனால் நமக்கு நன்மைதான். ஆனால் அந்தத் தாய்க்கு என்ன பலவீனம் இருந்ததோ அது அத்தனை செடிக்கும் இருக்கும். மலை முழுவதும் ஒரே வகை வைத்தால் அது ஒரே பூட்டுப் போட்ட லயம் மாதிரி. ஆகவேதான் பல வகைகளை வெவ்வேறு மலைகளில் பிரித்து வைப்பது பாதுகாப்பு.

எந்த வகையை வைப்பது என்று தீர்மானிப்பது நம் கையில் இல்லை என்று சொல்வீர்கள். உண்மைதான். ஆனால் பார்ப்பது நம் கையில்தான் இருக்கிறது. ஒரு மலையில் ஒவ்வொரு செடிக்கும் முன்னால் வாரத்துக்கு ஒரு தடவையாவது போய் நிற்பவர் கொழுந்து பறிக்கும் அக்காதான். எந்த உத்தியோகத்தருக்கும் அவ்வளவு கிட்டத்தில் பார்க்கக் கிடைக்காது. அந்தக் கூட்டத்தில் ஓர் அக்கா சொன்னார்: "எங்க மலையில ஓடைக்கிட்ட ஒரு பழைய செடி இருக்கு சேர். சுத்தி எல்லாம் பிளிஸ்டர் வந்தாலும் அதுல வர்றது ரொம்பக் கொறவு. நான் இருவது வருசமாப் பாக்குறேன். யாருகிட்டயும் சொன்னதில்ல. யாரு கேக்கப்போறாங்க?"

பிங்கம் தேடியது இப்படிப்பட்ட செடியைத்தான். அந்தச் செடிக்கு உண்மையில் பலம் இருக்கிறதா, இல்லை ஓடைக் காற்றும் வெயிலும் காரணமா என்று சோதித்துத்தான் சொல்ல முடியும். ஆனால் சோதிக்க வேண்டுமானால் முதலில் ஒருவர் கண்டிருக்க வேண்டும், கண்டவர் சொல்லியிருக்க வேண்டும். அக்கா, அடுத்த தடவை கணக்கப்பிள்ளையிடமோ வெளிக்கள உத்தியோகத்தரிடமோ அந்தச் செடியைக் காட்டுங்கள். உத்தியோகத்தர் ஐயாமார்களே, தயவுசெய்து போய்ப் பாருங்கள்.

வீட்டுத் தோட்டத்தில் செய்யக்கூடியவை

1. போஞ்சி இலையில் துருப் பொடி கண்டால் அந்த இலைகளை ஆரம்பத்திலேயே கிள்ளி அப்புறப்படுத்துங்கள். அறுவடை முடிந்ததும் கொடிகளை அப்படியே விடாமல் அழித்துவிடுங்கள்.

2. இலை நனைந்திருக்கும்போது கொடிகளுக்குள் போகாதீர்கள். கையிலும் உடுப்பிலும் ஒட்டி வித்திகள் அடுத்த கொடிக்குப் போகும்.

3. நெருக்கமாக நடாதீர்கள். காற்றுப் பட்டு இலை சீக்கிரம் காய்ந்தால் வித்தி முளைப்பது குறையும்.

4. ஒரே பாத்தியில் திரும்பத் திரும்பப் போஞ்சியே போடாதீர்கள். மாற்றி வேறு பயிர் போடுங்கள்.

5. எல்லாக் கொடிக்கும் நோய் வந்து ஒன்றிரண்டு மட்டும் தப்பி நின்றால், அவற்றின் காயைக் கறிக்குப் பறிக்காமல் விதைக்கு விடுங்கள்.

6. வெளியிலிருந்து நாற்றோ கிழங்கோ கொண்டுவரும்போது இலையின் அடிப்பக்கத்தையும் தண்டையும் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் செடியோ விதையோ பையில் மறைத்துக் கொண்டுவருவதை ஊக்கப்படுத்தாதீர்கள். மலிவு என்று வாங்கிய நாற்று ஒரு தேசத்தின் காட்டையே அழித்தது.

பிள்ளைகளுக்குச் சில கேள்விகள்

அ. கொப்புளத் துரு ஒரு பைனஸிலிருந்து இன்னொரு பைனஸுக்கு நேரே போக முடியாதது ஏன்?

ஆ. ஊசியின் கலங்கள் தாமே சாவதால் மரம் எப்படித் தப்புகிறது?

இ. ரைபிஸ் செடிகளைப் பிடுங்கியும் மேற்கு மலைகளில் நோய் நிற்கவில்லை. காரணம் என்ன?

ஈ. உங்கள் தோட்டத்தில் விதைத் தேயிலை மலை ஒன்றும் வீ.பி. மலை ஒன்றும் இருந்தால், ஒவ்வொன்றிலும் பத்துச் செடியின் இலைகளை ஒப்பிட்டுப் பாருங்கள். என்ன வித்தியாசம் கண்டீர்கள்?

பதில்களை எழுதி உங்கள் டீச்சரிடம் காட்டுங்கள். வாசிக்கத் தெரியாத அம்மாயிக்கும் தாத்தாவுக்கும் இந்தப் பாடத்தை வாசித்துக் காட்டுங்கள். கோப்பிக் காலத்துக் கதைகள் அவர்களிடம் இருந்தால் கேட்டு எழுதி வையுங்கள். அந்தக் கதைகளும் நோயைப் பற்றி நமக்கு விட்டுப்போன பாடங்கள்தான்.

மீண்டும் அடுத்த இதழில் சந்திப்போம்.